வண்டி மாறினால் மட்டும் போதுமா?

முன்பெல்லாம் செரண்டா வட்டாரத் தோட்டங்களில் காலைப்பொழுது மிகவும் பரபரப்பாக இருக்கும். தொழிலாளர்கள் விடியும் முன்னரே மரம் சீவத் தொடங்குவார்கள். பிறகு, பாலைச் சேகரித்து நிறுக்கும் இடத்திற்குச் சுமந்து வருவார்கள். அந்தப் பால் உறைவதற்குள் ஆலையைச் சென்றடைய வேண்டும். ஆகவே, எந்தப் பிரிவின் பாலை முதலில் ஏற்றுவது, எந்த மண்சாலை வழியாகத் திரும்புவது, பாரம் கூடிய பின் எந்த மேட்டைத் தவிர்ப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருந்தது. அக்கணக்கு தவறினால் பால் கெட்டுவிடும். ஒரு நாள் உழைப்பும் வீணாகும்.

இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. பால் ஏற்றிய லோரிகள் சென்ற சாலைகளில் இப்போது இணையவழி வாங்கிய பொருள்களைச் சுமந்து வேன்கள் ஓடுகின்றன. காலம் மாறினாலும் கேள்வி மாறவில்லை. எந்த வீட்டிற்கு முதலில் செல்வது? எந்த வழியில் திரும்புவது? அன்று இக்கணக்கு தவறினால் பால் கெட்டது. இன்று தவறினால் காற்று கெடுகிறது.

இறுதிக் கட்டப் பயணம்

செரண்டா, சிலாங்கூர் மாநிலத்தின் உலு சிலாங்கூர் மாவட்டத்தில், ரவாங்கிற்கும் பத்தாங்காலிக்கும் இடையில் அமைந்துள்ளது. கூட்டரசு சாலை 1 இந்நகரின் ஊடே செல்கிறது. மலாயா இரயில்வேயின் கொமுட்டர் இரயில் இங்கு நின்று செல்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் தொலைவில் இல்லை. அருகிலுள்ள சுங்கை சோவில் பெரோடுவா மகிழுந்துத் தொழிற்சாலை இயங்குகிறது. கோலாலம்பூர் பெருநகரம் வடக்கு நோக்கி விரிவடைய விரிவடைய, செரண்டாவிலும் வீடுகள் பெருகி வருகின்றன. வீடுகள் பெருகும்போது வாசலுக்கு வரும் பொட்டலங்களும் பெருகுகின்றன.

வெளிநாட்டில் செய்யப்பட்ட ஒரு காலணி, கப்பலில் கிள்ளான் துறைமுகத்தை வந்தடைகிறது. கப்பலில் ஆயிரக்கணக்கான கொள்கலன்கள் இருப்பதால், ஒரு காலணிக்குச் செலவாகும் எரிபொருள் மிகக் குறைவு. துறைமுகத்திலிருந்து கிடங்கிற்குச் செல்லும் பெரிய லோரியிலும் சுமை பலவாகப் பகிரப்படுகிறது. ஆனால், கிடங்கிலிருந்து வீட்டு வாசலுக்கு வரும் வேனின் நிலைமை வேறு. அது ஒவ்வொரு தெருவாக நுழைய வேண்டும், நிற்க வேண்டும், மீண்டும் புறப்பட வேண்டும். சில வேளைகளில் ஒரே ஒரு பொட்டலத்திற்காகப் பல கிலோமீட்டர் ஓடவும் வேண்டும். இதனை ‘இறுதிக் கட்டப் பயணம்’ என்பர். தொலைவு குறைவாக இருந்தாலும், ஒரு பொட்டலத்திற்கு ஆகும் எரிபொருளைக் கணக்கிட்டால் இப்பயணமே அதிகச் செலவு பிடிக்கிறது.

எனவே, உலகெங்கும் விநியோக நிறுவனங்கள் மின்வண்டிகளை நாடத் தொடங்கியுள்ளன. இந்தியாவில் 10,000 மின்வண்டிகளை விநியோகப் பணியில் ஈடுபடுத்த அமேசான் நிறுவனம் 2020 இல் உறுதி பூண்டது. நம் நாட்டில் போஸ் மலேசியா நிறுவனம் மின்வேன்களை அஞ்சல் பணியில் பயன்படுத்தி வருகிறது. 2050 ஆம் ஆண்டிற்குள் நிகரச் சுழியக் கரிம வெளியேற்றத்தை எட்டுவது மலேசியாவின் இலக்கு. அதாவது, வெளியேற்றும் கரிமத்திற்கும் காடுகள் போன்றவை உறிஞ்சும் கரிமத்திற்கும் கணக்கு நேராக வேண்டும். மின்வண்டிகள் அவ்விலக்கிற்கு உதவும் என்பது உண்மையே. ஆயினும், டீசல் வேனுக்குப் பதிலாக மின்வேனை நிறுத்திவிட்டால் வேலை முடிந்துவிடுமா?

ஓர் எளிய கணக்கு

இக்கேள்விக்கு விடை காண, ரவாங்கில் ஒரு விநியோகக் கிடங்கு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து செரண்டா 10 கிலோமீட்டர். பத்தாங்காலி 20 கிலோமீட்டர். செரண்டாவிற்கும் பத்தாங்காலிக்கும் இடையில் 10 கிலோமீட்டர். கணக்கு எளிதாக இருப்பதற்காக இத்தொலைவுகள் முழு எண்களாக்கப்பட்டுள்ளன.

திட்டமின்றிச் செயல்பட்டால், ஒரு வேன் செரண்டாவிற்குச் சென்று திரும்பும். மற்றொரு வேன் பத்தாங்காலிக்குச் சென்று திரும்பும். மொத்தம் 20 + 40 = 60 கிலோமீட்டர். திட்டமிட்டால், ஒரே வேன் செரண்டாவில் இறக்கிவிட்டு, அப்படியே பத்தாங்காலிக்குச் சென்று ரவாங்கிற்குத் திரும்பும். மொத்தம் 10 + 10 + 20 = 40 கிலோமீட்டர்.

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஒரு டீசல் வேன் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்ளலாம். மின்வேனுக்குப் புகைக்குழாய் இல்லை. ஆனால், அதற்கு வேண்டிய மின்சாரம் எங்கோ ஓரிடத்தில் உற்பத்தியாக வேண்டும். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரிப்பதால் கிடைக்கிறது. ஆதலால், ஒரு கிலோவாட் மணி மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.75 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஒரு மின்வேனுக்குக் கிலோமீட்டருக்குக் கால் கிலோவாட் மணி தேவைப்படுவதாகக் கொண்டால், நான்கு நிலைகளுக்கும் கிடைக்கும் விடைகள் இவை:

திட்டமில்லாத டீசல் வேன், 60 கிலோமீட்டர்: 16.2 கிலோகிராம்.
திட்டமில்லாத மின்வேன், 60 கிலோமீட்டர்: 11.25 கிலோகிராம்.
திட்டமிட்ட டீசல் வேன், 40 கிலோமீட்டர்: 10.8 கிலோகிராம்.
திட்டமிட்ட மின்வேன், 40 கிலோமீட்டர்: 7.5 கிலோகிராம்.

இவற்றுள் இரண்டாம், மூன்றாம் வரிகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். திட்டமில்லாமல் ஓடும் மின்வேனைவிட, திட்டமிட்டு ஓடும் பழைய டீசல் வேன் சற்றுக் குறைவான கரியமில வாயுவையே வெளியேற்றுகிறது! மின்வேன் நகரத் தெருக்களில் புகை கக்குவதில்லை, ஓசையும் குறைவு. அந்த நன்மைகளை மறுக்க முடியாது. ஆனால், நம் மின்சாரம் முழுவதும் தூய்மையாகும் வரை, மின்வண்டியின் வீண் ஓட்டமும் எங்கோ ஒரு மின்நிலையத்தில் புகையாகவே வெளிவருகிறது. நாள்தோறும் இந்த 20 கிலோமீட்டரை மிச்சப்படுத்தினால், 300 வேலைநாள்களில் ஒரு மின்வேனின் கணக்கில் மட்டும் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு குறையும்.

வழிகள் எத்தனை?

இரண்டு ஊர்களுக்கு வழி வகுப்பது எளிது. ஆனால், ஒரு வேன் ஒரு நாளில் நூறு வாசல்களுக்குக்கூடச் செல்ல நேரலாம். ஐந்து வீடுகளுக்குச் செல்வதென்றால் அவற்றை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். பத்து வீடுகளானால் 3,628,800 வரிசைகள் உண்டு. இருபது வீடுகளானால், 24 என்ற எண்ணுக்குப் பின்னால் 17 சுழியங்களை இட்டால் வரும் எண்ணையும் வரிசைகளின் எண்ணிக்கை மிஞ்சிவிடும். அவை அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது சாதாரணக் கணினிக்கு நடைமுறையில் இயலாத செயல்.

இச்சிக்கலை 1959 இல் ஜார்ஜ் டான்சிக், ஜான் ராம்சர் என்னும் அறிஞர்கள் கணித முறையில் ஆராய்ந்தனர். ஒரு சேமிப்பு முனையத்திலிருந்து பல பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டு செல்லும் லோரிகளுக்கு வழி காண்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. பெட்ரோல் சுமந்த லோரிகளுக்காகப் பிறந்த அக்கணிதமே இன்று மின்வண்டிகளுக்கும் வழிகாட்டுகிறது.

பின்னர், 1964 இல் கிளார்க், ரைட் என்னும் இருவர் எளிய முறை ஒன்றை வெளியிட்டனர். அதற்குச் ‘சேமிப்பு முறை’ என்று பெயர். இரண்டு இடங்களுக்குத் தனித்தனியே சென்று வருவதற்குப் பதிலாக அவற்றை ஒரே பயணத்தில் இணைத்தால் எவ்வளவு தொலைவு மிச்சமாகும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், கிடங்கிலிருந்து இரு ஊர்களுக்கும் உள்ள தொலைவுகளைக் கூட்டி, அவ்விரு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கழித்தால் 10 + 20 − 10 = 20 கிலோமீட்டர் மிச்சம் எனத் தெரியும். இவ்வாறு எந்த இணைப்பில் மிச்சம் அதிகமோ அதனை முதலில் இணைத்துக்கொண்டே செல்ல வேண்டும். ஆகச் சிறந்த வழி கிடைக்கும் என்று இம்முறை உறுதி கூறாது. எனினும், நல்ல வழியை விரைவாகத் தந்துவிடும். விடிந்ததும் புறப்பட வேண்டிய வேனுக்கு அதுவே பெரிய உதவி.

மின்வண்டிக்குரிய தனிக் கணக்கு

டீசல் வேனுக்குத் தொலைவையும் நேரத்தையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். எண்ணெய் குறைந்தால் சில நிமிடங்களில் நிரப்பிக்கொள்ளலாம். மின்வேனின் மின்கலனுக்கு மின்னேற்ற அதைவிட அதிக நேரம் ஆகும். எனவே, மின்வேனின் வழித்திட்டத்தில் மேலும் சில செய்திகளைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது, மேடு பள்ளம். சரக்கோடு 2,000 கிலோகிராம் எடையுள்ள வேன், 100 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 0.54 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். அது சமதரையில் இரண்டு கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். செரண்டாவின் கிழக்கே நிலம் தித்திவங்சா மலைத்தொடரை நோக்கி உயர்கிறது. பத்தாங்காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் சாலை இதற்கு நல்ல சான்று. ஆகவே, பாரமான பொருள்களைத் தாழ்வான பகுதிகளில் முதலில் இறக்கிவிட்டு, வேன் இலேசான பிறகு மேட்டில் ஏறுவது சிக்கனம். அன்று தோட்டத்துச் சாலைகளில் பின்பற்றப்பட்ட அதே அறிவுதான் இது.

இரண்டாவது, வேகத்தடுப்பில் கிடைக்கும் ஆற்றல். மின்வேன் வேகத்தைக் குறைக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் அதன் மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலனுக்குத் திருப்பி அனுப்புகிறது. இதனால், நின்று நின்று செல்லும் பயணம் டீசல் வேனைப் பாதிக்கும் அளவிற்கு மின்வேனைப் பாதிப்பதில்லை. மாறாக, நெடுஞ்சாலையில் மிகுந்த வேகத்தில் சென்றால் காற்றின் எதிர்ப்பு கூடி, மின்கலன் விரைவில் தீர்ந்துவிடும்.

இதற்கு ரவாங் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கூறலாம். கோலாலம்பூர்ப் பக்கமிருந்து செரண்டாவிற்கு வரும் வாகனம், ரவாங் நகருக்குள் புகுந்து வரலாம். அல்லது, 2017 நவம்பரில் திறக்கப்பட்ட ரவாங் புறவழிச்சாலையில் வரலாம். காட்டுப் பகுதியில் உயர்ந்த தூண்களின் மேல் செல்லும் அச்சாலை, நகர நெரிசலைத் தவிர்க்கிறது. நெரிசலான மாலை வேளையில் டீசல் வேனுக்குப் புறவழிச்சாலை நன்மை தரும். நெரிசல் இல்லாத நேரத்தில் நகரில் பொருள் இறக்க வேண்டிய மின்வேனுக்கு நகரச் சாலையே சிக்கனமாக அமையக்கூடும். ஒரே ஊர், ஒரே சாலைகள். ஆனால், வண்டிக்கும் நேரத்திற்கும் ஏற்பச் சிறந்த வழி மாறுகிறது.

மூன்றாவது, மின்னேற்றும் இடமும் நேரமும். பகல் முழுவதும் ஓடிய வேனை இரவில் கிடங்கிலேயே மின்னேற்றினால், வழியில் மின்னேற்று நிலையம் தேடி அலைய வேண்டியதில்லை. கிடங்கின் கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், நண்பகலில் திரும்பி வரும் வேன்கள் தூய மின்சாரத்தைப் பெறலாம்.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. பிரிட்டனில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான மின்வண்டிகள் வீடு வீடாகப் பால் புட்டிகளைக் கொண்டு சென்றன. அவை மெதுவாகவே ஓடின. அவற்றின் மின்கலன்களும் எளியவை. ஆயினும், நாள்தோறும் ஒரே வழி, குறுகிய தொலைவு, நிறைய நிறுத்தங்கள், வேலை முடிந்ததும் கிடங்கிற்குத் திரும்புதல் என்று அவற்றின் பயணம் ஒழுங்குபட்டிருந்தது. ஆற்றல் குறைந்த வண்டியும் நல்ல வழித்திட்டத்தால் வெற்றி பெறும் என்பதற்கு அவை சான்றாக விளங்கின.

வளைவும் ஓட்டுநரின் அறிவும்

அமெரிக்காவின் யு.பி.எஸ். விநியோக நிறுவனம் ‘ஓரியன்’ எனும் வழித்திட்டக் கணினி அமைப்பைப் பயன்படுத்துகிறது. அங்கு வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. ஆகையால், இடப்புறம் திரும்பும் வாகனம் எதிர்வரும் வாகனங்களைக் கடக்கக் காத்திருக்க வேண்டும். அந்நிறுவனம் இத்தகைய திருப்பங்களை இயன்ற வரை குறைத்துக்கொள்கிறது. நன்கு திட்டமிடப்பட்ட வழிகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 160 மில்லியன் கிலோமீட்டர் ஓட்டமும் ஓர் இலட்சம் டன் கரியமில வாயுவும் குறைவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. மலேசியாவில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால், இங்கு வலப்புறத் திருப்பங்களே காத்திருப்பை உண்டாக்குகின்றன.

எனினும், கணினிக்கு எல்லாம் தெரியும் என்று கொள்வது தவறு. பள்ளி முடியும் நேரத்தில் எந்தத் தெரு அடைபடும், கனமழைக்குப் பின் எந்தத் தாழ்நிலம் நீரில் மூழ்கும், எந்த வீட்டு வாயில் பின்தெருவில் உள்ளது என்பன போன்றவற்றை ஓட்டுநரே நன்கறிவார். 2021 இல் அமேசான் நிறுவனமும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து ஓர் ஆய்வுப் போட்டியை நடத்தின. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் உண்மையில் எவ்வழியில் சென்றனர் என்பதிலிருந்து கணினி கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். கணிதமும் மனித அனுபவமும் கைகோக்கும்போதுதான் நல்ல வழி பிறக்கிறது.

கடைசி வீட்டையும் மறவாமை

இங்கு மற்றொரு கேள்வியும் எழுகிறது. தொலைவை மட்டும் குறைப்பதே குறிக்கோள் என்றால், கணினி எளிதாக ஒரு விடை கூறிவிடும்: “தொலைவிலுள்ள வீடுகளுக்குச் செல்ல வேண்டாம்.” நெருக்கமான தாமானில் ஒரு கிலோமீட்டருக்குள் பல வாசல்கள் இருக்கும். தோட்டப்புறத்தின் எல்லையில் உள்ள குடியிருப்பிற்கோ, சில வீடுகளுக்காக மண்சாலையில் வெகுதொலைவு செல்ல வேண்டும். அந்த வீடுகளில் முதியோர் மருந்திற்காகக் காத்திருக்கலாம். ஒரு மாணவர் பாடநூலுக்காகக் காத்திருக்கலாம். காற்றைக் காக்கும் திட்டம், நகரவாசிக்கு ஒரு நீதியும் தோட்டப்புறத்தாருக்கு ஒரு நீதியும் வழங்குவதாக அமைந்துவிடக் கூடாது.

இதற்கும் வழி உண்டு. அவசரமில்லாத பொருள்களைச் சேர்த்து வைத்து, குறிப்பிட்ட நாள்களில் ஒரே பயணமாகக் கொண்டு செல்லலாம். மருந்து போன்றவற்றிற்கு மட்டும் முன்னுரிமை தரலாம். மக்கள் அன்றாடம் வந்து போகும் மளிகைக் கடையைப் பொதுப் பெறுமிடமாக்கலாம். பால் நிறுக்கும் இடத்தில் எல்லாருடைய பாலும் ஒன்றாகச் சேர்ந்து ஆலைக்குச் சென்றது போல, எல்லாருடைய பொட்டலங்களும் ஓரிடத்தில் ஒன்றாக வந்து சேரலாம். வழித்திட்டத்தில் ‘எந்த வீடும் விடுபடக் கூடாது’ என்பதையும் ஒரு விதியாக எழுதிவிட்டால், கணினி அவ்விதிக்கு உட்பட்டே சிறந்த வழியைத் தேடும். கணினிக்கு இரக்கம் இல்லை. ஆனால், அதற்கு விதி எழுதும் மனிதருக்கு இருக்க வேண்டும்.

வாங்குவோரின் பங்கு

இத்திட்டத்தில் வாங்குவோருக்கும் பங்கு உண்டு. வேன் வந்தபோது வீட்டில் ஆள் இல்லையென்றால், அதே பொட்டலத்திற்காக வண்டி மறுநாளும் வர வேண்டும். முகவரியும் தொலைபேசி எண்ணும் தவறாக இருந்தாலும் இதே நிலைதான். மூன்று பொருள்களை மூன்று நாள்களில் வரவழைப்பதைவிட, ஒரே நாளில் வரவழைத்தால் இரண்டு பயணங்கள் மிச்சம். ‘நாளையே வேண்டும்’ என்று அவசரப்படாமல் இரண்டு நாள் பொறுத்திருந்தால், வேன் பாதி காலியாக ஓடாமல் நிறைந்த சுமையோடு புறப்படும். இவை எதற்கும் கணினி தேவையில்லை. சிறிது சிந்தனை போதும்.

பெரோடுவா தனது முதல் மின்காரை 2025 டிசம்பரில் அறிமுகம் செய்தது. வருங்காலத்தில் செரண்டா சாலைகளில் மின்வண்டிகள் மேலும் பெருகும் என்பதில் ஐயமில்லை. நாட்டின் மின்சாரமும் படிப்படியாகத் தூய்மையடையக்கூடும். ஆனால், வீணாக ஓடும் வண்டி எதில் ஓடினாலும் வீணே. வண்டியை மாற்றுவதற்குப் பெரும் பணம் வேண்டும். வழியை மாற்றுவதற்கு அறிவும் அக்கறையும் இருந்தால் போதும். இவ்விரு மாற்றங்களும் சேர்ந்து நிகழும்போதுதான், செரண்டாவின் கடைசி வீட்டிற்கும் பொருள் போய்ச் சேரும். அவ்வீட்டார் சுவாசிக்கும் காற்றும் தூயதாக இருக்கும்.